நோர்வேக்கு ஒரு வோட்டு

ஐரோப்பாவின் பாட்டுப் போட்டியைச் சத்தமில்லாமல் பார்த்த குடும்பம் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

2009 மே பதினாறு, சனிக்கிழமை. மொஸ்கோவில் யூரோவிஷன் இறுதிப் போட்டி. நோர்வே வெல்லப்போகிறது என்று ஒஸ்லோ முழுக்கப் பேச்சு. நான் சமையல் செய்யும் முதியோர் இல்லத்தில் காது கேட்காத கிழவிகள்கூட நோர்வேக்காக வயலினோடு பாடப்போகிற பெடியனுக்காகக் கொடி வாங்கி வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டிலும் ரி.வி. ஓடியது. ஆட்கள் வாயைத் திறந்து திறந்து மூடினார்கள். மீன் தொட்டியைப் பார்ப்பதுபோல நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

காரணம் தொலைபேசி.

என் மனைவி கிருஷ்ணகுமாரியின் தம்பி ரிஷிகேசன் வன்னியில் இருந்தான். மனைவி, இரண்டு பிள்ளைகளோடு இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, கடைசியில் கடலுக்கும் களப்புக்கும் இடையில் ஒரு துண்டு மணலில். போர் முடியப்போகிறது என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. எப்படி முடியும் என்றுதான் ஒருவரும் வாய்திறக்கவில்லை. போன கிழமை யாருடையதோ செய்மதித் தொலைபேசியில் வரிசையில் நின்று எடுத்தான். அரை நிமிடம் கதைத்தான். "அக்கா, திரும்ப எடுக்கிறன்" என்றான். அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது எங்கள் வீட்டு நம்பர் ஒன்றுதான்.

அன்றையிலிருந்து வீட்டுத் தொலைபேசி குமாரியின் சொத்து. குளிக்கப் போகும்போதும் அந்த வயரில்லாத போனைக் கொண்டு போவாள். வேறு யாரும் அதைத் தொடக்கூடாது. ரி.வி.க்குச் சத்தம் கூடாது. தூசு உறிஞ்சும் மெசினுக்குத் தடை. கடுகு தாளிப்பதும் தடை, வெடிக்கிற சத்தத்தில் மணி கேட்காமல் போய்விடுமாம். ஒரு கிழமையாக நாங்கள் தாளிக்காத பருப்பும் தூசுமாக வாழ்ந்தோம். நான் குறட்டை விடுகிற ஆள் என்பதால் என் படுக்கையையும் சின்ன அறைக்கு, தையல் மெசினுக்குப் பக்கத்தில், மாற்றிவிட்டாள்.

எங்கள் மகள் துஷ்யாவுக்குப் பதினாலு வயது. ஏப்ரல் தொடங்கிப் பள்ளிக்கூடம் விட்டதும் புத்தகப் பையோடு பாராளுமன்றத்துக்கு முன்னால் போய் நிற்பாள். போரை நிறுத்தச் சொல்லி நல்ல நோர்வேஜிய மொழியில் கோஷம் போடுவாள். கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது. பேசினால் பழைய தகரக் கதவு திறப்பது போலிருக்கும். அவளுடைய வகுப்பில் எல்லாரும் ஒரு சிநேகிதி வீட்டில் கூடிப் போட்டி பார்க்கப் போகிறார்கள். இவளுக்கும் அழைப்பு.

"அம்மா, இண்டைக்கு மட்டும்" என்றாள்.

"அங்கை சனம் சாகுது. உனக்குப் பாட்டோ?" என்றாள் குமாரி.

 துஷ்யா பதில் சொல்லியிருந்தால் சண்டையோடு முடிந்திருக்கும். அவள் சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டு அறைக்குள் போனாள். அவள் சப்பாத்தை ஒழுங்காக அடுக்கினால் வீட்டில் நிலைமை மோசம் என்று அர்த்தம்.

நோர்வேயில் இருபது வருடம் இருந்தவனுக்கு மத்தியஸ்தம் பண்ணுகிற வியாதி தொற்றாமல் இருக்குமா? நான் தாய்க்கும் மகளுக்கும் நடுவில் நடந்து நடந்து ஒரு உடன்பாடு கொண்டுவந்தேன். போட்டியை வீட்டில் பார்க்கலாம், சத்தமில்லாமல். நோர்வே இலங்கையில் செய்துவைத்த சமாதானத்தைப் போலவே இதுவும் இரண்டு பக்கத்துக்கும் பிடிக்கவில்லை.

எனவே சத்தத்துக்குப் பதிலாக நான் மெல்லிய குரலில் விளக்கம் சொன்னேன்.

"இந்தப் பிள்ளைக்குத் தலைமயிர் பறக்கக் காத்தாடி வாடகைக்கு எடுத்திருக்கினம். நேரம் முடிஞ்சால் நிப்பாட்டிப்போடுவாங்கள், அதுதான் அந்தரப்பட்டுப் பாடுறாள்."

துஷ்யா சிரிக்கவில்லை.

"இந்தத் தம்பி தன்ரை மாமிக்குப் பாடுறார். 'மாமி, சீதனம் வேண்டாம், ஷேர்ட்டுக்கு ரெண்டு பொத்தான் தாங்கோ.'"

அதற்கு அவள் மூக்கால் ஒரு சத்தம் விட்டாள். அந்தக் கிழமையில் எனக்குக் கிடைத்த முதல் வெற்றி. குமாரி சோபாவின் கைப்பிடியில், மடியில் போனை வைத்துக்கொண்டு இருந்தாள். கண் ரி.வி.யில், பார்வை வேறெங்கோ. ஜன்னலுக்கு வெளியே இன்னும் வெளிச்சம். எதிர் மாடிகளில் எல்லார் வீட்டிலும் ஒரே படம் மினுங்கியது.

இருபதுக்கு மேல் பாட்டுகள் முடிந்த பிறகு துஷ்யா எழுந்து குளியலறைக்குப் போனாள். போனவள் வர நேரமெடுத்தது. இந்த வயதுப் பிள்ளைகள் கண்ணாடிக்கு முன்னால் நிற்பார்கள் என்று நான் மொஸ்கோவுக்கு விளக்கம் சொல்வதைத் தொடர்ந்தேன். திரும்பி வந்தாள். மறுபடியும் போனாள். திரும்பவும் வந்து, கைத்தொலைபேசியைக் கால்சட்டைப் பைக்குள் தள்ளிக்கொண்டு, என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். வயிற்றுக்குத்து என்று நினைத்தேன்.

அப்போது வீட்டுத் தொலைபேசி அடித்தது.

முழு மணி அடிக்கவில்லை. பாதியிலேயே குமாரி எடுத்துவிட்டாள்.

"தம்பி?"

மற்றப் பக்கத்தில் ஒரு பெண் குரல். குமாரியின் சித்தியின் மகள் இந்திரா, லண்டனில் இருந்து. அந்தக் குரல் அழுவது எனக்கே கேட்டது. குமாரி போனைக் காதோடு அழுத்தினாள். கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு, "ஆர் சொன்னது?" என்றாள். பிறகு, "பிள்ளையளும் எல்லோ?" என்றாள். பிறகு உட்கார்ந்தாள், நிலத்தில்.

நான் போனை வாங்கினேன். "இந்திரா, என்ன?"

"அத்தான், பெரியக்கா இப்பதான் எடுத்தவ. ரிஷி அண்ணை..." அதற்குமேல் அவளால் முடியவில்லை.

பெரியக்கா என்றால் குமாரியின் மூத்த அக்கா புஷ்பராணி, சுவிஸில், பேர்ன் நகரத்தில். நான் போனை வைத்ததும் மறுபடி அடித்தது. பாரிசிலிருந்து குமாரியின் மாமா மகன். அவன் ஆண்பிள்ளை மாதிரி நிதானமாகத் தொடங்கினான், இரண்டாவது வசனத்தில் உடைந்தான். அவனுக்கும் பெரியக்காதான் சொல்லியிருக்கிறா.

"பெரியக்காவுக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டேன்.

"ஒஸ்லோவிலை இருந்து தகவல் வந்ததாம்."

நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். ஒஸ்லோ என்றால் நாங்கள்தானே.

குமாரிக்கும் அது கேட்டுவிட்டது. அழுகை சட்டென்று நின்றது. நிலத்தில் இருந்தபடியே என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியும். எனக்கு ஒளிச்சிருக்கிறியள்."

"குமாரி, எனக்கு ஒண்டும் தெரியாது."

"எப்ப வந்தது செய்தி?"

"ஒரு செய்தியும் வரேல்லையப்பா. ஒண்டுமில்லை."

இந்த 'ஒண்டுமில்லை'தான் பிழையாய்ப் போனது. எங்கள் ஆட்கள் செத்தவீட்டுச் செய்தியை ஒருநாளும் நேராகச் சொல்லமாட்டார்கள். படி வைத்துத்தான் இறக்குவார்கள். முதலில் 'ஒண்டுமில்லை, சும்மா எடுத்தனான்.' பிறகு 'கொஞ்சம் சுகமில்லையாம்.' பிறகு 'ஆஸ்பத்திரியிலை வைச்சிருக்கினம்.' நாலாம் படியில் ஆள் செத்து இரண்டு நாளாகியிருக்கும். குமாரியின் தகப்பன் யாழ்ப்பாணத்தில் போனபோது நானும் அப்படித்தான் படி கட்டினேன், அதிலும் முதல் படியில் ஒரு பகிடி வேறு விட்டேன். அவளுக்கு என் படிகள் எல்லாம் தெரியும். 'ஒண்டுமில்லை' என்று நான் சொன்னதும் அவள் கணக்குப் போட்டுவிட்டாள்: முதலாம் படி.

"ஒரு கிழமையா என்னோடை இருந்து பகிடி விட்டுக்கொண்டு..." என்றாள்.

"அப்பா" என்றது தகரக் கதவு.

துஷ்யா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வெள்ளைக்காரப் பிள்ளைகளின் முகம் மாதிரி வெளிறிக் கிடந்தது.

"நான்தான் பெரியம்மாவுக்கு எடுத்தனான்."

"ஏன்?"

"வோட் கேக்க."

எனக்கு விளங்கவில்லை. அவள் அழுதழுது சொன்னாள். இந்தப் போட்டியில் ஒரு நாட்டுக்காரர் தங்கள் நாட்டுக்கு வோட் போட முடியாதாம். நோர்வேயில் இருக்கிற நாங்கள் நோர்வேக்குப் போடேலாது. வகுப்பில் எல்லாரும் இதைச் சொல்லிக் கவலைப்பட்டபோது இவளுக்கு மட்டும் ஒரு யோசனை வந்திருக்கிறது. மற்றப் பிள்ளைகளுக்கு எல்லாச் சொந்தமும் நோர்வேக்குள்ளேயே, பேர்கனிலும் துரொண்ட்ஹெய்மிலும். இவளுக்கோ பேர்னில் பெரியம்மா, பாரிசில் மாமா, லண்டனில் சித்தி, டோர்ட்முண்டில் என் தம்பி ஸ்ரீதரன். எங்களை நாடு நாடாகச் சிதறடித்தவர்கள் நோர்வேக்கு இப்படி ஒரு உபகாரம் செய்துவைத்திருக்கிறார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. கனடா ஐரோப்பாவில் இல்லாததால் பாதிச் சொந்தம் வீணாய்ப்போனது என்பது வேறு கதை.

"பெரியம்மாவுக்கு என்ன சொன்னனி?"

"நான் துஷ்யா எண்டனான். ஒரு விசயம் எண்டனான். அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ எண்டனான்." விக்கினாள். "அம்மா பேசுவா எண்டு... பெரியம்மா உடனை 'ஐயோ' எண்டு கத்திப்போட்டுக் கட் பண்ணிட்டா. திருப்பி எடுத்தனான், என்கேஜ். எனக்கு அவ கோவிச்சிட்டா எண்டு..."

நான் சுவரில் சாய்ந்தேன். இரவு பதினொரு மணிக்குக் கிட்ட, ஒஸ்லோவிலிருந்து ஒரு பிள்ளை, அழுதழுது அடைத்தது போல ஒரு குரல், 'பெரியம்மா, அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ.' இந்த மே மாதத்தில் இதற்கு வேறென்ன அர்த்தம் இருக்க முடியும்? நானென்றாலும் ஐயோ என்றுதான் கத்தியிருப்பேன்.

 "குமாரி, கேட்டனியெல்லோ? பிள்ளை பாட்டுக்கு வோட் கேட்டவள். அவ்வளவுதான்."

குமாரி என்னைப் பார்க்கவில்லை. மகளைத்தான் பார்த்தாள்.

"பிள்ளையையும் பொய் சொல்லப் பழக்கிப்போட்டியளோ?"

போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. டென்மார்க்கில் யாரோ. ரொறொன்ரோவில் யாரோ. ஒவ்வொருவரும் மற்றவரிடம் கேட்டு, ஒருவர் சொன்னதை மற்றவர் உறுதிப்படுத்தி, செய்தி தடித்துக்கொண்டே வந்தது. டென்மார்க்கிலிருந்து வந்ததில் எந்த இடம், எத்தனை மணிக்கு ஷெல் விழுந்தது என்பதெல்லாம் இருந்தது. வீட்டு லைன் ஒரு நிமிடம் சும்மா இருக்கவில்லை. ரிஷி உயிரோடு இருந்து, எங்கேயோ வரிசையில் நின்று, யாரிடமோ கெஞ்சி வாங்கிய அரை நிமிடத்தில் எங்கள் நம்பரை அழுத்தினால், அவனுக்கு என்கேஜ் சத்தம்தான் கேட்கும். அவனுடைய செத்தவீட்டுக்கு ஆட்கள் எடுத்த லைனில்.

நான் கைத்தொலைபேசியில் பேர்னுக்கு எடுத்தேன். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியைப் போட்டேன்.

"பாலா" என்றா பெரியக்கா, தழுதழுத்து. "அவவுக்குச் சொல்லிப்போட்டியளோ?"

"அக்கா, வடிவாக் கேளுங்கோ. ரிஷியைப் பற்றி ஒரு செய்தியும் வரேல்லை. பிள்ளை ரி.வி.யிலை நடக்கிற பாட்டுப் போட்டிக்கு உங்களிட்டை வோட் கேக்க எடுத்தவள்."

மறுபக்கத்தில் மூக்கு உறிஞ்சும் சத்தம்.

"விளங்குது பாலா" என்றா மெதுவாக. "குமாரி பக்கத்திலை நிக்கிறாபோலை. நீங்கள் ஒண்டும் கதையாதேங்கோ. அவவுக்குக் கொஞ்சம் பாணாவது சாப்பிடத் தீத்துங்கோ. நான் பிறகு எடுக்கிறன்."

வைத்துவிட்டா.

என் ஐம்பது வயதில் நான் சொன்ன பொய்களை எல்லாரும் நம்பியிருக்கிறார்கள். ஒரு நாள் உண்மை சொன்னேன், ஒரு கண்டத்திலும் எடுபடவில்லை.

அந்த நேரத்தில்தான் நோர்வே வென்றது. ரி.வி.யை யாரும் பார்க்கவில்லை. எதிர் மாடியிலிருந்து ஒரே கூச்சல், கார்களின் ஹோர்ன், யாரோ பானையில் தட்டுகிறார்கள். நள்ளிரவு கடந்தால் மே பதினேழு, நாட்டின் கொண்டாட்ட நாள், கேட்கவா வேண்டும். கதவு மணி அடித்தது. மேல் வீட்டுக் கிழவி தூரிட், கையில் மூன்று சின்னக் கொடிகளோடு. கதவைத் திறந்த குமாரியின் கன்னத்தில் வழிந்த கண்ணீரைப் பார்த்துத் தூரிட்டின் கண்ணும் நிறைந்துவிட்டது. குமாரியை இறுக்கக் கட்டிப்பிடித்தாள்.

"நானும் அழுதேன்" என்றாள் நோர்வேஜிய மொழியில். "நீங்கள் அழுகிற சத்தம் கேட்டது. இந்த நாட்டை இவ்வளவு நேசிக்கிறீர்களே என்று நினைத்து இன்னும் அழுதேன்."

நான் வாயைத் திறந்தேன். என்ன விளக்கம் சொல்வது? குமாரி அந்தக் கிழவியின் தோளில் முகத்தை வைத்து, அன்று இரவு முழுவதும் அழாத விதமாக, குரல் விட்டு அழுதாள். அவளைத் தாங்கிக்கொள்ள அந்த நேரம் கிடைத்தது தூரிட் மட்டும்தான். இருவரும் கொடிகளோடு நின்றார்கள். தூரிட் போகும்போது என் கையையும் குலுக்கி வாழ்த்துச் சொன்னாள். நான் நன்றி சொன்னேன். வேறென்ன செய்ய?

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால், துஷ்யா என் கைத்தொலைபேசியை எடுத்துப் பேர்னுக்கு அடித்துவிட்டாள்.

"பெரியம்மா, வையாதேங்கோ. நான் கதைக்கிறன். மாமா செத்தவர் எண்டு எனக்குத் தெரியாது. இருக்கிறார் எண்டும் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. ஒருத்தருக்கும் தெரியாது. நான் நோர்வேக்கு வோட் போடச் சொல்லத்தான் எடுத்தனான். இருபதாம் நம்பர். நீங்கள் கட் பண்ணிட்டியள், அதாலை நம்பர் சொல்ல ஏலாமப் போச்சு."

பெரியக்கா என்னவோ சொன்னா. துஷ்யா, "இல்லை, அப்பா சொல்லித் தரேல்லை" என்றாள். "அப்பாவுக்கு நோர்வே எத்தினையாவது பாடினது எண்டே தெரியாது. கேட்டுப் பாருங்கோ."

எனக்கு உண்மையிலேயே தெரியாது. நான் அந்த நேரம் யாரோ ஒரு நாட்டுக்காரனுக்குச் சீதனம் பேசிக்கொண்டிருந்திருப்பேன்.

குமாரி வாசல் நடையில் நின்றபடி கேட்டாள்: "ஏன் இருபது?"

"நோர்வே இருபதாவதாப் பாடினது அம்மா."

"நீ எத்தினை பேருக்கு எடுத்தனி?"

"பெரியம்மாவுக்கு மட்டும்தான். அவ மற்ற ஆக்களுக்குச் சொல்லுவா எண்டு நினைச்சன்."

அது நன்றாகவே நடந்தது. பெரியக்கா எல்லாருக்கும் சொல்லிவிட்டா.

குமாரி மகளின் முகத்தை நெடுநேரம் பார்த்தாள். அடிப்பாள் என்று நான் இரண்டு அடி முன்னால் போனேன். அவள் அடிக்கவில்லை. சுவரோரமாக, சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் தம்பி ஸ்ரீதரன் டோர்ட்முண்டிலிருந்து எடுத்தான். நான் விசயத்தைச் சொன்னேன். நீண்ட மூச்சு விட்டுவிட்டு, "அப்ப எந்த நம்பருக்கு அடிக்கோணும்?" என்றான். வென்றாகிவிட்டது என்றேன். "என்ரை வோட் இல்லாமலோ?" என்றான். என்னுடைய தம்பிதான்.

பிறகு நானும் துஷ்யாவும் ஆளுக்கொரு கைத்தொலைபேசியோடு நாடு நாடாகக் கூப்பிட்டு, வீட்டு லைனுக்கு ஒருவரும் எடுக்கவேண்டாம் என்று கேட்டோம். நான் சொன்னவர்கள் "சரி, சரி" என்று அழுதார்கள். துஷ்யா சொன்னவர்கள் ஏசினார்கள். ஏசியவர்கள் நம்பிவிட்டார்கள் என்று அர்த்தம். கடைசியில் எல்லாரையும் அவளிடமே கொடுத்துவிட்டேன். வீட்டுப் போன் மெல்ல மெல்ல அடங்கியது.

குமாரி எழுந்திருக்கவில்லை. நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"கொஞ்ச நேரம் எனக்கு ஆறுதலா இருந்ததப்பா" என்றாள், கோப்பையைப் பார்த்துக்கொண்டு. "முடிஞ்சுது எண்டு நினைச்சன். இனி அந்தப் பிள்ளையளுக்குப் பசிக்காது எண்டு நினைச்சன். போன் அடிக்குமோ எண்டு பாத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை எண்டு. அப்பிடி நினைச்ச பிறகு திருப்பி எப்பிடி நான் காத்துக்கொண்டிருக்கிறது?"

 இதற்கெல்லாம் பதில் இருக்கிற ஆள் முதியோர் இல்லத்தில் உப்பில்லாத சூப் காய்ச்சிக்கொண்டிருக்க மாட்டான்.

"துஷ்யா, இஞ்சை வா" என்றாள்.

மகள் வந்து எதிரில் குந்தினாள்.

"செய்தி வந்தால் நீதான் எனக்குச் சொல்லோணும். நல்லதோ கெட்டதோ. நேராச் சொல்லோணும். சுகமில்லை, ஆஸ்பத்திரி எண்டு ஒண்டும் வேண்டாம். அப்பாவிட்டை விட்டால் அவர் பகிடியிலை தொடங்குவார்."

"குமாரி, அவள் சின்னப்பிள்ளை" என்றேன்.

"எனக்கு வேறை ஆர் இருக்கினம் உண்மை சொல்ல?"

துஷ்யா நகத்தைக் கடித்தாள். "எனக்கு அதைத் தமிழிலை எப்பிடிச் சொல்லுறது எண்டு தெரியாது அம்மா."

"நோர்வே மொழியிலை சொல்லு" என்றாள் குமாரி. "அதிலை சுத்தி வளைக்க உனக்கும் வராது, எனக்கும் விளங்காது."

மடியிலிருந்த வீட்டுப் போனை எடுத்து மகளிடம் கொடுத்தாள். ஒரு கிழமையாக என் கையில்கூடத் தராத போன். பிறகு சுவரைப் பிடித்து எழுந்து, படுக்கை அறைக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் அவள் மூச்சு சீராக வந்தது. அவள் தூங்கி எத்தனை நாள் என்று எனக்குத் தெரியவில்லை.

வெளியே இன்னும் பாடிக்கொண்டிருந்தார்கள். நான் துஷ்யாவுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன்.

"தா பிள்ளை, நீ போய்ப் படு. நான் வைச்சிருக்கிறன்."

"வேண்டாம் அப்பா."

"நான் பகிடி விடமாட்டன்."

அவள் என்னைப் பார்த்தாள். எனக்கு அவள்மேல் இருந்த நம்பிக்கை அவளுக்கு என்மேல் இல்லை, அதில் பிழையும் இல்லை. போனைக் காதில் வைத்து லைன் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, அழைப்பு தவறிவிடக்கூடாதென்று தாயைப் போலவே சட்டென்று நிறுத்தினாள். பிறகு, உதடு மட்டும் அசைய, சத்தமில்லாமல், நோர்வேஜிய மொழியில் தாயிடம் சொல்லவேண்டிவரும் ஒரு வசனத்தைச் சொல்லிப் பார்த்தாள். கொஞ்சம் மாற்றி இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தாள். அந்த வசனத்துக்கு மட்டும் நான் விளக்கம் சொல்லவில்லை.